மகளிர் பெட்டியில் 24 புத்தகங்கள்

தாம்பரம் தாண்டியதும் சண்டை ஆரம்பித்தது. ‘பொன்னியின் செல்வன்’ ஒரு புத்தகமா, ஐந்து புத்தகமா?

“அஞ்சு பாகம், அஞ்சு அட்டை. காசும் அஞ்சுக்குத்தான் குடுத்தேன். அஞ்சுன்னுதான் எழுதணும்” என்றாள் கல்லூரிப் பெண்.

“கதை ஒண்ணுதானேடி? வந்தியத்தேவன் என்ன அஞ்சு தடவையா குதிரை ஏறிக் கிளம்புறான்?” என்று மடக்கினார் ரெவின்யூ ஆபீஸ் அக்கா.

நர்ஸ் தங்கச்சி சமரசத்துக்கு வந்தாள். “ரெண்டுன்னு வெச்சுக்கலாம். சினிமாவே ரெண்டு பாகமாத்தான் வந்துச்சு.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான் என்பதால் தீர்ப்பும் என் தலையில். குரோம்பேட்டை வரை யோசித்தேன். கல்கி அந்த நாவலை 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் முடித்தார். மூன்றரை ஆண்டு, வாராவாரம். காத்திருந்து படித்த எங்கள் பாட்டிமார் அதை எண்ணிக்கொண்டா படித்தார்கள்? பத்திரிகையிலிருந்து கிழித்து, அடுக்கி, தைத்து வைத்தார்கள். எங்கள் வீட்டுப் பைண்டில் ஒரு வாரத்துப் பக்கங்கள் மட்டும் இருக்காது. யாரோ இரவல் வாங்கிப் போனபோது காணாமல் போனதாம். அந்த வாரம் நந்தினி என்ன செய்தாள் என்பது கல்லூரி நூலகத்துக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது.

“ஒண்ணு” என்றேன். கல்லூரிப் பெண் கிண்டி வரை என்னோடு பேசவில்லை.

கூடுவாஞ்சேரியில் காலை 7.40க்கு ஏறி எழும்பூரில் இறங்குவது என் அன்றாடம். போகவர இரண்டு மணி நேரம். மகளிர் பெட்டியில் அந்த நேரத்துக்கு ஆயிரம் வேலை உண்டு. பூ கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள், பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்குப் படம் வெட்டுவார்கள், உட்கார்ந்தபடியே தூங்கிச் சரியாக மாம்பலத்தில் கண் விழிப்பார்கள். புத்தகம் படிப்பவர்கள் குறைவு. அந்தக் குறைவான நான்கு பேர் ஒரே மூலையில் உட்கார ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது.

போன வருடம் ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்த புத்தகக் காட்சிக்கு நால்வரும் சேர்ந்து போனோம். கால் கடுக்க நடந்து, மிளகாய் பஜ்ஜி சாப்பிடும்போதுதான் பேச்சு வந்தது. போன வருடம் வாங்கியதில் எத்தனை படித்தாய்? யாரிடமும் நாணயமான பதில் இல்லை. கல்லூரிப் பெண் கைபேசியைக் காட்டினாள். குட்ரீட்ஸ் என்ற செயலியில் ஆண்டுக்கு இத்தனை புத்தகம் என்று நாமே ஓர் எண் வைத்துக்கொள்ளலாம். 2011 முதல் நடக்கிறதாம். நாம் பின்தங்கினால் அது சொல்லிக்காட்டும்.

“சொல்லிக்காட்ட வீட்டுலயே ஆள் இருக்கு” என்றார் அக்கா.

ஆனாலும் எண் பிடித்துவிட்டது. மாதம் இரண்டு, வருடம் 24. புத்தகத்தை முடித்த அன்றே ஒரு பக்கம் கருத்து எழுத வேண்டும். டிசம்பர் 31ஆம் தேதி எண் எட்டாதவர் எழும்பூரில் மற்றவர்களுக்குப் பூரி மசால் வாங்கித்தர வேண்டும். கல்லூரிப் பெண் செயலியில் எழுதினாள். எனக்குக் கணக்கு நோட்டுதான். தேதி, நூல், பக்கம், விலை என்று கோடு போட்டு, கடைசிக் கட்டத்தைக் கருத்துக்கு விட்டேன். விலைக் கட்டம் பாதி நாள் காலியாகவே கிடந்தது, ஏனென்றால் பாதிப் புத்தகங்கள் கிளை நூலகத்திலிருந்து வந்தவை. சொத்து வரி கட்டும் எல்லோரும் அதோடு 10 சதவீதம் நூலக வரியும் கட்டுகிறோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு. ஆக சந்தா கட்டியாகிவிட்டது. போய் எடுக்காதது நம் தப்பு.

இந்த மாதிரிப் பந்தயங்களில் பெரியம்மா ஒருத்தி உண்டு. லண்டனில் இருக்கும் ஆன் மார்கன் என்ற எழுத்தாளர் 2012ஆம் வருடம் முழுக்க உலகத்தின் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு புத்தகம் என்று 196 நாடுகளைப் படித்து முடித்தார். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் சாவோ தோமே தீவு நாட்டுக்கு ஆங்கிலத்தில் புத்தகமே கிடைக்காமல், முன்பின் அறியாதவர்கள் சிலர் சேர்ந்து அவருக்காகவே போர்த்துகீசியத்திலிருந்து ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு அவர் எடுத்துக்கொண்டது எம்.டி. வாசுதேவன் நாயரின் ‘காலம்’. “தமிழ் எடுக்கலையா?” என்று அக்கா கேட்டார். நாட்டுக்கு ஒன்று என்றால் அப்படித்தான்.

*

வருடக் கடைசியில் நோட்டைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. நான் எழுதியிருந்த கருத்துகளில் பாதி எனக்கே ஒப்பவில்லை. முடித்த அன்றைக்கு எழுதுகிற கருத்தில் பெரும்பங்கு, முடித்துவிட்ட நிம்மதிதான்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. பிப்ரவரி 9ஆம் தேதி. கருத்துக் கட்டத்தில் இருப்பது இவ்வளவே: ‘மெல்லிய புத்தகம். கதை நகரவில்லை. முடிவு என்று ஒன்றும் இல்லை.’ மெல்லிய புத்தகம் என்பதற்காகத்தான் எடுத்தேன் என்பதை எழுதவில்லை. ஜனவரியில் ஒன்றுதான் முடித்திருந்தேன், எண்ணைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

1973இல் நூலாக வந்த நாவல் அது. சினிமா வாய்ப்புக்கு அலைந்து அலைந்து தேய்ந்துபோன ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்து வீட்டு டீச்சரம்மா. குழாயில் தண்ணீர் வராத ஒரு சென்னைத் தெரு. அடிபம்பு, பள்ளம், வரிசை, குடம். டீச்சரம்மாவுக்கு வீட்டில் நோயாளிக் கணவர், மாமியார், விடிவதற்கு முன்பே தொடங்கும் வேலை. உயிரை விடலாமா என்ற இடத்தில் நிற்கும் ஜமுனாவிடம் அவர் தன் கதையைச் சொல்கிறார். அழுகை இல்லை, அறிவுரைகூட அதிகம் இல்லை. பிப்ரவரியில் எனக்கு இது சப்பென்று இருந்தது.

மே மாதம் எங்கள் தெருவில் போர் வறண்டது. வாரத்துக்கு இரண்டு லாரி. லாரிச் சத்தம் கேட்டதும் எல்லா வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். முதல் நாள் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நான் குடத்தோடு ஓடினேன். நான்கு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத எதிர்வீட்டு அம்மாள், “உங்க குடத்தை முன்னாடி வைங்க, எனக்கு இடுப்பு வலி, மெதுவாத்தான் தூக்குவேன்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் வரிசையில் நிற்கும்போது எனக்கு ஜமுனாவின் தெரு ஞாபகம் வந்தது. அந்தத் தெருவில் யாரும் யாரையும் தேற்றுவதில்லை. குடத்தை ஒதுக்கி இடம் விடுவார்கள், அதுதான் தேற்றுவது. அசோகமித்திரன் இதை எனக்கு பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தார். நான்தான் கதை எப்போது நகரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

2019ஐ எப்படி மறந்தேன் என்பதும் வியப்புதான். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்ட கோடை. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நாங்கள் ஆபீஸ் போகிற அதே ரயில்வேயில் தண்ணீரும் ஆபீஸ் போவதுபோல் வந்தது. மழை பெய்ததும் மறந்துவிட்டோம். நோட்டில் பிப்ரவரிக் கருத்தை அடிக்கவில்லை. கீழே ‘மே 18, லாரி’ என்று மட்டும் எழுதினேன்.

‘அம்மா வந்தாள்’ மறுவாசிப்பு. மறுபடி படிப்பதை எண்ணலாமா என்று ஒரு தகராறு வந்து, இருபது வருடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் எண்ணலாம் என்று தீர்மானமாயிற்று. என்னிடம் இருப்பது விடுதி நாட்களில் வாங்கிய பிரதி. எனக்கு அப்போது 22 வயது. வேதபாடசாலையிலிருந்து வீடு திரும்பும் அப்பு, தன் அம்மா அலங்காரத்துக்கும் சிவசுவுக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்ளும் இடத்தில், ஓரத்தில் பென்சிலால் ‘ச்சீ’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு முறை அடிக்கோடும் இட்டிருக்கிறேன். 1966இல் புத்தகம் வந்தபோது தி. ஜானகிராமனைத் திட்டித் தீர்த்தவர்களுக்கும் 22 வயது எனக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

இப்போது எனக்கு 51. இந்தத் தடவை அலங்காரத்தம்மாளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. தன் பாவத்தைக் கழுவப் பிள்ளையை வேதம் படிக்க அனுப்புகிறாள். பிள்ளைக்கு அது தெரியாது. கணவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டே அந்த வீட்டில் இருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை நேராகக் கேட்பவர் வீட்டில் யாருமில்லை. எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள், அவளும் பார்க்கப்படுவதைத் தாங்கிக்கொண்டு கம்பீரமாக நடமாடுகிறாள். அவள் காசிக்குக் கிளம்பும் இடம் முன்பு எனக்குத் தண்டனையாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. என்னவாகத் தெரிந்தது என்பதை நோட்டில் எழுத உட்கார்ந்து மூன்று முறை அடித்தேன், கட்டம் போதவில்லை. ‘ச்சீ’யை அழிப்பதா என்று யோசித்து, பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு மூடிவிட்டேன்.

அக்கா அதே புத்தகத்தை வாங்கிப் போய் இரண்டே நாளில் திருப்பினார். “எல்லாம் சரி. அந்த இந்துவுக்கு ஒரு நல்லது நடந்துச்சே, அது போதும்” என்றார். காவிரிக்கரைப் பாடசாலையில் அப்புவுக்காகக் காத்திருக்கும் இளம் விதவையை, நான் இரண்டு வாசிப்பிலும் கிட்டத்தட்ட கவனிக்கவே இல்லை.

*

நர்ஸ் தங்கச்சியால் நான் திருத்தப்பட்டது இமையத்தின் ‘செல்லாத பண’த்தில். 2020க்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொண்ட ரேவதி தீக்காயத்தோடு ஜிப்மருக்குக் கொண்டுவரப்படுகிறாள். தானே கொளுத்திக்கொண்டாளா, வேறு எப்படி நடந்தது என்று வெளியே நின்று மாய்ந்துபோகும் குடும்பம். தலைமையாசிரியர் அப்பாவிடம் பணம் இருக்கிறது. கட்டுக்கட்டாக இருந்து என்ன?

பெண்ணைப் பெற்றவள் நான். பல்லாவரத்தில் கண்ணீர் வந்து, சைதாப்பேட்டையில் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தேன். நோட்டில் ‘மனதைப் பிழியும் நாவல், சில இடங்களில் பேச்சு அதிகம், ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது’ என்று எழுதினேன். விமர்சகர் தோரணை.

தங்கச்சி அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: “நான் பர்ன்ஸ் வார்டுல ஒன்றரை வருஷம் இருந்திருக்கேன்க்கா. கை ஒண்ணுக்கு ஒம்பது பர்சன்ட், கால் ஒண்ணுக்குப் பதினெட்டு, முன்பக்கம் பதினெட்டு, பின்பக்கம் பதினெட்டுன்னு கூட்டித்தான் எத்தனை பர்சன்ட்டுன்னு சொல்லுவோம். நம்பரைச் சொன்ன உடனே எங்களுக்குத் தெரிஞ்சிடும். சொந்தக்காரங்களுக்குத் தெரியாது. அவங்க திரும்பத் திரும்ப அதையேதான் கேப்பாங்க. ஒரே கேள்வி, நாள் பூரா. பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு நர்ஸ் வந்தா அவங்ககிட்டயும் கேப்பாங்க. வேற பதில் வராதான்னு. அது புலம்பல் இல்லக்கா.”

வண்டி சேத்துப்பட்டில் நின்று கிளம்பியது. நான் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தில் எனக்கு நீளமாகப் பட்ட பேச்செல்லாம் வார்டு வாசலில் நேரம் எப்படி நீளுமோ அந்த அளவுதான் இருந்தது. இந்தப் பந்தயத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான விமர்சனம் அது ஒன்றுதான். அது என்னுடையது அல்ல.

கருத்து எழுதாமல் விட்ட பக்கமும் ஒன்று உண்டு. ஜூன் மாதம் மறுபடி எண் குறைந்தது. மறுபடி மெல்லிய புத்தகம் தேடினேன். பாமாவின் ‘கருக்கு’ கிடைத்தது. 1992இல் வந்தது. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த ஒரு தலித் பெண் தன் ஊரையும் பிறப்பையும் படிப்பையும், பேசுகிற தமிழிலேயே எழுதியது. இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று எடுத்தேன். மூன்று வாரம் ஆனது. தெருவில் ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கை படாமல் சரடைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைச் சிறுமி பார்க்கிறாள். வேடிக்கையாக இருக்கிறது, சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அவர் ஏன் அப்படித் தூக்கினார் என்று அண்ணன் விளக்குகிறான். அந்தச் சிரிப்பு அதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அன்று நானும் படிக்கவில்லை.

மறுநாள் பெட்டியில் அந்த இடத்தைச் சொன்னேன். அக்கா, “அதெல்லாம் அந்தக் காலம். இப்ப எதுக்கு இதைக் கிளறணும்?” என்றார். நர்ஸ் தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பியபடி, “எங்க ஊர் டீக்கடையில நான் ஒம்பதாவது படிக்கிற வரைக்கும் ரெண்டு டம்ளர்க்கா” என்றாள். இரண்டு வருடமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறோம். அவள் ஊர் எங்கே என்று தெரியும். அதற்கு மேல் நாங்கள் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வண்டியில் யாரோ மல்லிகைப்பூ முழம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் புத்தகப் பேச்சே இல்லை. நாலாம் நாள் அக்கா, “அந்தப் புத்தகத்தைக் குடு” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

*

சில புத்தகங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, புத்தகத்தின் குறையாலும் அல்ல. எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பில் ‘குற்றமும் தண்டனையும்’ எடுத்து, ரஷ்யப் பெயர்களை நோட்டின் பின்பக்கத்தில் உறவுமுறை வரைபடம் போட்டும் 200 பக்கத்தில் நின்றேன். நர்ஸ் தங்கச்சி அதை நைட் டூட்டி எட்டு நாளில் முடித்துவிட்டு, “அவனை ரெண்டாவது நாளே அட்மிட் பண்ணியிருக்கணும்” என்றாள். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ முதல் முப்பது பக்கம் மொழி பிடிபடாமல் தடுக்கியது, பிறகு ஓடியது. பள்ளியில் மலையாளம் படித்தவர் என்பதால் தமிழை மலையாள எழுத்தில் எழுதியவர் அவர் என்பதைக் கல்லூரிப் பெண் சொல்லித்தான் அறிந்தேன். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகள் நடுவே போய் இருந்து விசாரித்து எழுதியது. அதற்குப் பிறகு ரசத்துக்கு உப்புப் போடும்போது கை ஒரு கணம் நிற்கிறது. வாழ்க்கையில் முன்னேறுவதற்கு வழி சொல்லும் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றும் படித்தேன். பெயர் வேண்டாம். அதற்கு நோட்டில் நல்ல கருத்து எழுதியிருக்கிறேன். இப்போது அதில் ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் மாதம் ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டு முறை தொடங்கி விட்ட புத்தகம். மூன்றாம் முறை வீம்புக்கு எடுத்தேன். சிங்கம்புணரியில் பிறந்து, சின்ன வயதிலேயே சுமத்ராவில் இருக்கும் மேடானுக்குப் போய், இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்த ப. சிங்காரம் மொத்தம் எழுதியது இரண்டு நாவல். இது இரண்டாவது, 1972இல் வந்தது. பதிப்பாளர் கிடைக்காமல் பல வருடம் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்தது. தமிழ் நாவல்களில் முன்வரிசை என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது சொன்னவர்கள் மிகச் சிலர்.

முன்பு நான் தடுக்கி விழுந்தது கதை தெரியாததால் அல்ல, சொல் தெரியாததால். கிட்டங்கி, பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள், தொங்கான். இந்தத் தடவை எங்கள் ஆபீஸில் ஓய்வு பெறப்போகும் காரைக்குடிக்காரர் ஒருவரிடம் மதிய இடைவேளையில் கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வரிசையாக ஆள்கள் உட்கார்ந்து வட்டித் தொழில் நடத்தும் நீளக் கூடம்தான் கிட்டங்கி. கடையைப் பார்ப்பவர் மேலாள், அவருக்கு அடுத்தவர் அடுத்தாள், எடுபிடி வேலைக்கு இருப்பவன் பெட்டியடி. “கொண்டு விற்கப் போனவங்க” என்று அவர் தாத்தாவைப் பற்றிச் சொன்ன விதத்திலேயே ஒரு கடல் இருந்தது. மறுநாள் புத்தகத்தைத் திறந்தபோது மேடான் தெரு எனக்குத் தெரிந்த தெருவாக இருந்தது.

சுமத்ராவிலிருந்து பினாங்குக்குப் போகும் தொங்கான் என்னும் மரக்கலம் புயலில் சிக்குகிறது. அதைப் படித்த நாளில் மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், எழும்பூர் எல்லாம் தாண்டிப் பூங்கா நிலையத்தில்தான் தலையைத் தூக்கினேன். ஆபீஸுக்கு 25 நிமிடம் தாமதம். நாவலின் நாயகன் பாண்டியன் போருக்கு நடுவே எங்கோ நின்றுகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கிற பக்கங்கள் நீண்டவை. அவை எனக்கு அலுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த நாவலில் ஆண்கள் பேசுகிறார்கள், குடிக்கிறார்கள், தத்துவம் சொல்கிறார்கள், சாகிறார்கள். பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் நினைவில் வந்து போகிறவர்கள். காரைக்குடிக்காரரின் பாட்டி பதினோரு வருடம் தனியாக இருந்தாராம். அந்தப் புத்தகத்தை யாரும் எழுதவில்லை.

*

அக்டோபரில் என் கணக்கு 20. நான்கு பாக்கி, மூன்று மாதம். நிம்மதியாக மெல்லிய புத்தகமாக நான்கு எடுத்திருக்கலாம். புத்தி கேட்காமல் உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ எடுத்தேன். செங்கல் கனம். தோள்பை கிழிந்து புதுப் பை வாங்கியதை விலைக் கட்டத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆனந்த விகடனில் 1940 ஜனவரியிலிருந்து தொடராக வந்தது. 1942 ஏப்ரலில் ஆசிரியர் காலமானதும் 122 அத்தியாயத்தோடு நின்றது. தமிழ் படிக்க வேண்டும் என்ற ஒரே ஆசைக்காகப் பையனும் குடும்பமும் ஊர் ஊராக நகர்கிறார்கள். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்கிறார். வேங்கடராமன் என்ற பெயரைவிட வீட்டில் கூப்பிடும் சாமிநாதன் என்ற பெயர் ஆசிரியருக்குப் பிடிக்கிறது, அதுவே நிலைக்கிறது. சாப்பாட்டுக்குத் திண்டாடிக்கொண்டு பாடம் கேட்கிற பக்கங்களை வேகமாகப் படிக்க முடியவில்லை. நாளைக்குப் பத்துப் பக்கம். இடையில் நகுலன் மாதிரி, அம்பை மாதிரி மெலிந்த மூன்று நூல்களைப் போட்டு 23 ஆக்கிக்கொண்டேன், அதை மறைக்கவில்லை.

டிசம்பர் நடுவில் கும்பகோணம் வந்தது. 1880. கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது, உ.வே.சா.வுக்கு வயது 25. ஊருக்கு முன்சீபாக வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், உலா, தூது, புராணம் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்பவர் முகத்தில் அசைவே இல்லை. அடுக்கியதில் மலைத்துப்போவார் என்று எதிர்பார்த்தவருக்கு வெட்கமாகிறது. பழைய நூல்கள் ஏதாவது? கம்பராமாயணம் வரை சொல்லியும் போதவில்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம்? பெயரை விட்டால் உ.வே.சா.வுக்கு அந்த நூல்கள் தெரியாது.

எழும்பூரில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று எழுத ஆசைதான். இறங்கினேன். ஆனால் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தேன். பட்டியலை ஒப்பித்த அந்த 25 வயது ஆசிரியரின் குரல் எனக்கு மிகப் பழக்கமானது. ‘இதுவரைக்கும் இத்தனை’ என்று நானும் ஜூன் முதல் அந்தக் குரலில்தான் ஆபீஸில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சந்திப்பிலிருந்து உ.வே.சா. சிந்தாமணியைப் பதிப்பித்து அச்சாக்க ஏழு வருடம் ஆனது. புரியாத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து கேட்டு, ஏடுகளை ஒப்பிட்டு, 1887இல் வெளியே வந்தது. ஏழு வருடம், ஒரு புத்தகம். எங்கள் விதிப்படி அவர் எத்தனை பிளேட் பூரி வாங்கித்தர வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். தொழில் புத்தி.

டிசம்பர் 31 மாலை எழும்பூர் ஓட்டல். நர்ஸ் தங்கச்சி 31. கல்லூரிப் பெண் 26. அக்கா சரியாக 24. நான் 23, கூட முக்கால் ‘என் சரித்திரம்’.

“உ.வே.சா.வே முடிக்காத புத்தகம் அக்கா அது. எழுதினவரே முடிக்கலைன்னா படிக்கிறவ முடிக்கணும்னு என்ன இருக்கு? எண்ணலாம்” என்று வாதாடிப் பார்த்தேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார். “செல்லாது” என்றார்.

நான்கு செட் பூரி சொன்னேன். காத்திருக்கும்போது அக்கா பையைத் திறந்து ‘கருக்கு’வை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஜூனில் வாங்கிப் போனது. பத்திரிகைத் தாளில் அட்டை போட்டிருந்தார். உள்ளே நாலைந்து இடத்தில் பழைய ரயில் டிக்கெட்டுகள் அடையாளமாக இருந்தன. நர்ஸ் தங்கச்சி அதை எடுத்துப் புரட்டினாள். ஒரு டிக்கெட் இருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

கல்லூரிப் பெண் கைபேசியில் அக்காவின் பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டு, “உங்க லிஸ்ட்ல இது இல்லையேக்கா. இதையும் சேத்தா இருபத்தஞ்சு” என்றாள்.

“அதை எண்ணலை” என்றார் அக்கா.

பூரி வந்துவிட்டது.